பெண்கள் பக்கத்துப் படங்கள்

அண்ணனூர் ஷாகிதாவுக்குக் கல்யாண வீடுகளில் ஒரு வேலை தானாக வந்து சேர்ந்திருந்தது. பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரக்கூடாது. அதனால் அவள்தான் போனில் எடுப்பாள். எல்லாம் மங்கலாக வரும். "ஒழுங்கா ஒரு கேமரா வாங்கு, காசு குடுக்கறோம்" என்று நாலு வீட்டில் சொன்ன பிறகு, சீட்டுப் பணத்தோடு அம்பத்தூரில் பழைய கேமரா விற்கும் ஸ்ரீநாத்திடம் போனாள்.

பெரிய கேமரா வாங்கினால் பிரிண்டருக்குக் காசு இருக்காது. பரவாயில்லை, பிரிண்ட்டை ஸ்ரீநாத் கடையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"ஒரு நாள் ஊட்டுக்கு எடுத்துகினு போய்ப் பாருக்கா. புடிக்கலன்னா திருப்பிக் குடு" என்றான் அவன்.

நாத்தனார் மஹ்ஜபீனுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அவளையே உட்காரவைத்து எடுத்துப் பார்த்தாள். முக்காடு இல்லாமல், கூந்தலை விரித்துப்போட்டு, நகையோடு சிரித்தாள் மஹ்ஜபீன். பாதிப் படத்துக்கு ஃப்ளாஷ் எரியவே இல்லை. எரியாத பொருளை எவள் வாங்குவாள்? மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். சார்ஜர், தோள்வார், லென்ஸ் மூடி என்று அவன் பொருளில் ஒன்றும் குறையாமல் எடுத்துவைத்தவள், தன் பொருளை மறந்துவிட்டாள். அண்ணனூரில் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. அவளுடைய மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே கிடக்கிறது.

ஒரே ஒரு படம் எவன் போனுக்காவது ஏறினால் போதும், மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? ஸ்ரீநாத்துக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள்.

கடையில் அந்தக் கேமரா யாரோ ஒருவன் கழுத்தில் தொங்கியது. பக்கத்தில் இன்னொருவன். இருவரும் பின்பக்கத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமே, யாரோ கல்யாணப் பொண்ணு படமெல்லாம் கீது!"

"குடுப்பா அத்த!" ஷாகிதா பிடுங்கினாள். கார்டை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"ஏன்க்கா கத்துற? நாங்க இன்னா துன்னுட்டமா?"

"உன் தங்கச்சி படத்த இவன் பாத்தா சும்மா நிப்பியா நீ?"

உள்ளேயிருந்து ஸ்ரீநாத் ஓடிவந்தான்.

"கம்ப்யூட்டர்ல ஏத்துனியா?"

"சத்தியமா இல்லக்கா. நான் தொடவே இல்ல."

நம்பலாம். நம்பாமலும் இருக்கலாம். அவன் கம்ப்யூட்டருக்குள்ளே போய்ப் பார்க்கவா முடியும்? இவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன படங்கள். பிரிண்ட் போடவும் இதே கடைக்குத்தானே ஒவ்வொரு வீட்டுப் பெண்களின் முகத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள்?

"பெருசு வேணாம். அந்தச் சின்னக் கேமராவக் குடு. கார்டச் சொருவினா படம் வர்ற பிரிண்டர் ஒண்ணும் எடு. போனு, நெட்டு ஒண்ணும் இருக்கக் கூடாது."

"சின்னதுல இருட்டு மண்டபத்துல படம் சுமாராத்தான் வரும்க்கா."

"வரட்டும்."

வீட்டில் மஹ்ஜபீனிடம் மறைக்காமல் சொன்னாள். அவள் முகம் வெளுத்தது.

"எத்தினி பேரு பாத்தாங்க அண்ணி?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரு."

"தெரியாம?"

ஷாகிதா கார்டை நீட்டினாள். மஹ்ஜபீன் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என் நிக்காஹ்லயும் நீதான் எடுக்கற. பிரிண்ட் போட்டு முடிச்சதும் கார்டு என் கைக்கு வந்துரணும்."

"எல்லா ஊட்லயும் இனிமே அப்டித்தான். பொண்ணு கையில குடுத்துட்டுத்தான் நான் கெளம்புவேன்."

அதற்குள் மஹ்ஜபீனின் போனில் ஏதோ மெசேஜ் வந்து விழுந்தது. எடுத்துப் பார்க்க இருவருக்கும் கை வரவில்லை.