காரைக் கடலுக்குப் போன வழியில் ஒரு காற்றுக் கதவு

போன தை மாதம், பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து கிளம்பினோம். கடல் பார்க்க. கடல் என்றதும் நாகப்பட்டினம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் போனது பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்கு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் இருந்ததாம். தண்ணீர் போய்விட்டது, தரை மட்டும் கிடக்கிறது. இருக்கிற கடலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே, இல்லாத கடலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வயதில் போலியோ வந்தது. அன்றிலிருந்து நடப்பதென்றால் இரண்டு கையிலும் ஊன்றுகோல் வேண்டும். என்னைப் போல ஊன்றுகோலோடு ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். நானும் என் கணவர் செல்வராசுவும் குடிதண்ணீர் ஃபில்டர் விற்றுப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு நூற்பாலையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கினோம்.

எத்தனையோ வண்டி பார்த்தோம். இதை வாங்கியது இதன் கதவுக்காகத்தான். காற்றில் வேலை செய்யும் கதவு. டிரைவர் பக்கத்தில் இருந்த சின்ன லிவரை வாசலுக்கு அருகில், என் முழங்கை உயரத்துக்கு மாற்றி வைத்தோம். முழங்கையால் தட்டினால் புஸ்ஸென்று ஒரு சத்தம். கதவு தானாக மடிந்து வழிவிடும். இரண்டு கையும் ஊன்றுகோலில் இருக்கும்போது தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளிப் படியில் இறங்குவது என்னால் ஆகாது. வீட்டிலும் கடையிலும் கதவு திறந்துவிட எனக்கு ஆள் உண்டு. யாரும் முகம் சுளித்ததே இல்லை. ஆனால் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் "எங்க போற?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். இருந்தாலும் கையில் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காத கதவு என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

திருவையாறு தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது நல்ல பனி. ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மணல்திட்டில் நாணல் மட்டும் பாதி உயரத்துக்கு மிதந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் டீ டம்ளரோடு உட்கார்ந்து, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் பார்த்துக்கொண்டே வந்தேன். இப்படி ஒரு காலை வேளைக்காகவே பஸ் வாங்கலாம்.

கீழப்பழுவூர் நெருங்கும்போது கதவு பெருமூச்சு விட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மெதுவாக ஒரு மூச்சு, பிறகு ஓடுகிற வண்டியில் கதவு ஒரு சாண் திறந்துகொண்டது. பனிக்காற்று உள்ளே வந்து என் புடவை முந்தானையைத் தூக்கியது. அவர் ஓரமாக நிறுத்தி லிவரைத் தட்டிப் பார்த்தார். கதவு அசையவில்லை. காற்று இல்லாவிட்டால் இந்தக் கதவு தொளதொளவென்று தொங்கும். கையால் தள்ளலாம், ஆனால் நிற்காது. "காத்து டேங்குல தண்ணி சேந்துருக்கும். தினம் காலையில தொறந்து வுடுங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்று நான் ஆரம்பித்தேன். அவர் நைலான் கயிற்றால் கதவைக் கம்பியோடு இழுத்துக் கட்டினார்.

கட்டிய கதவோடு அரியலூர் தாண்டிக் கல்லங்குறிச்சிக்குப் போனோம். அங்கே பெருமாள் சிலையாக இல்லை, கம்பமாக நிற்கிறார். விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். சோள மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் டிரைவர் பக்கக் கதவு வழியாகக் குதித்தார். அது உயரம், எனக்கு ஆகாது. "கயிற அவுத்தா திரும்பக் கட்ட நேரமாவும். நீ இரு, நான் கும்புட்டுட்டு துளசி வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். வாங்கியும் வந்தார். துளசி நல்ல வாசனை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அரியலூரைச் சுற்றி சிமெண்ட் லாரிகள் ஓடிக்கொண்டே இருப்பதால், காற்று பிரேக் பார்க்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பத்து மணிக்கு ஒன்றில் நுழைந்தோம். மரம், கூரை, தரை என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. வெயிலில் அந்த இடமே மாவில் வரைந்தது போல இருந்தது. மெக்கானிக் பெயர் அன்சாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு என் கணவரிடம் சொன்னார்.

"அண்ணே, கதவத் தள்ளுற சிலிண்டரே போயிருச்சு போலருக்கு. இந்த மாடலுக்கு சாமான் தேடி அலையணும். பேசாம காத்த எடுத்துட்டு சாதாக் கதவு ஒண்ணு மாட்டிருங்க. ஒரு தாப்பாள் போதும். ஆயுசுக்கும் தொல்ல இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். "நானும் அதான் நெனச்சேன். நான்தான் கூடவே இருக்கேன்ல? எப்ப சொன்னாலும் தொறந்து வுடப் போறேன்."

"நீங்க தூங்கும்போது?"

"எழுப்பு."

மனசாரத்தான் சொன்னார். எழுப்பினால் எழுந்தும் வருவார். இருபத்திரண்டு வருடமாக நல்ல மனுஷன், அவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அன்சாரியிடம் கேட்டேன். "தம்பி, காத்து எங்க கசியுதுன்னு சோப்புத் தண்ணி வச்சுப் பாத்தீங்களா?"

"பிரேக்குன்னா பாப்போம்க்கா. கதவுக்கெல்லாம் யாரு மெனக்கெடுறா?"

"இதையும் பிரேக்குன்னு நெனச்சுக்கிட்டுப் பாருங்க. தாப்பாள் போட்டீங்கன்னா நான் இந்த வண்டிய வுட்டே எறங்க மாட்டேன்."

அன்சாரி என் ஊன்றுகோல்களைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "அட, எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு, மக்கில் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்தார்.

என்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏற்றினார்கள். சிலிண்டர் முனையில் கடுகு கடுகாக நாலைந்து குமிழ், அவ்வளவுதான். பிறகு என்ஜின் பானெட் ஓரத்தில் இருந்த பலகையைக் கழற்றினார். உள்ளே லிவருக்குப் போகும் வெள்ளைக் குழாய். சோப்புத் தண்ணீர் பட்டதும் அது பொங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குமிழ்கள் எழுந்து, வெயிலில் பச்சையும் ஊதாவுமாக மின்னி, தூசி படிந்த தரையில் உருண்டன. பட்டறை என்பதே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே இது? தண்ணி ஃபில்டர் பைப்பால்ல இருக்கு!" என்றார் அன்சாரி.

ஆமாம். எங்கள் கடைக் குழாய்தான். லிவரை மாற்றியபோது, சரியான குழாய் திருச்சியிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். "நம்ம கடையிலதான் கட்டுக் கட்டா கெடக்கே" என்று எடுத்துக் கொடுத்த புண்ணியவதி நான். டேங்க், தண்ணீர் என்று வழியெல்லாம் அவரைக் காய்ச்சி எடுத்ததும் நான்தான். என் கணவர் சிரித்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"தண்ணிக்கு இது தங்கமான பைப்புதான்க்கா. எட்டு கிலோ அழுத்தத்துல வர்ற காத்துக்கு, அதுவும் என்ஜின் சூட்டுல, எப்புடி நிக்கும்?" என்றபடி அன்சாரி அதை உருவி எறிந்தார். லாரி பிரேக்குக்குப் போடும் தடித்த நைலான் குழாயைச் சூடு படாத பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து பொருத்தினார். சிலிண்டருக்கும் ஒரு ரப்பர் சீல் போட்டார். "அக்கா, நீங்க வந்து தட்டுங்க." முழங்கையால் தட்டினேன். புஸ்ஸ். கதவு மடிந்தது. காத்திருந்த லாரிக்காரர் ஒருவர் கைதட்டினார். "மாஷா அல்லா" என்றார் அன்சாரி. அவருக்கே அந்தக் கதவைப் பிடித்துப்போய் இன்னும் மூன்று தடவை தட்டிப் பார்த்தார். மூன்று மணி நேர வேலை, பொருளும் கூலியும் சேர்த்து 1,850 ரூபாய்.

பெரம்பலூர் சாலையில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். மஞ்சள் கரையோரமாக மெதுவாக ஓட்டினோம். பெரம்பலூரிலிருந்து திருச்சி சாலையில் போய், பாடாலூரில் இடப்பக்கம் திரும்பி, ஊட்டத்தூர் வழியாகக் காரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அரியலூரிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காரையில் நிழலும் கடையும் கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் பெரம்பலூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண் வழுக்கும், தை மாசி நல்லது. மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்களுக்குள் இறங்குவது ஊன்றுகோல்காரர்களுக்கு ஆகாது, ஆனால் விளிம்பில் சமதரை இருக்கிறது, அங்கிருந்தே எல்லாம் தெரியும். சிப்பி படிந்த கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய பஸ்ஸில் காற்றுக் கதவு வைத்திருப்பவர்கள் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள், ஒரு சோப்புக் கட்டியை வண்டியிலேயே வையுங்கள். கதவை எடுத்துவிடச் சொல்கிறவரிடம் அது யாருக்கான கதவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் களைத்துப்போய் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். வெளியே செம்மண்ணும் சாம்பலுமாக மேடும் பள்ளமும் அலை அலையாகக் கிடந்தன. நான் லிவரைத் தட்டினேன். கதவு திறந்தது. கம்பியில் சாய்ந்து மூன்று படி இறங்கி, விளிம்பு வரை நடந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சாய்ந்த வெயிலில் பள்ளங்களில் நிழல் மெல்ல ஏறியது, தண்ணீர் திரும்பி வருவதைப் போல. முழங்கால் அளவு, இடுப்பு அளவு என்று அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, கடலுக்கு அடியில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கதவுச் சத்தத்தில் விழித்திருப்பார் போல. பின்னால் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எங்க போற?"

"சும்மா" என்றேன்.

நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் "சரி" என்று சொல்லிவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டார்.