மடங்கிய கைக்கு எட்டும் கியர்

என் அக்காவுக்கு இடது முழங்கை நிமிராது. கடைப் பரணில் இருந்த ஃபோம் சுருளை எடுக்க ஏணியில் ஏறினாள், ஏணியோடு சேர்ந்து விழுந்தாள். எலும்பு கூடியது, ஆனால் தன் இஷ்டத்துக்குக் கூடியது. "இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடி" என்று யாரோ சொல்லிவிட்டுப் போன மாதிரி அந்தக் கை எப்போதும் மடங்கியே நிற்கும். இன்னொரு ஆபரேஷன் செய்தால் நிமிரலாம், இருப்பதும் போகலாம் என்றார் டாக்டர். "இருக்கிறதே போதும்" என்று சொல்லிவிட்டு வந்து, கட்டு பிரித்த வாரமே மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தொழில் வண்டி சீட் தைப்பது. மெக்கானிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கோடியில் அவள் கடை. பஸ், லாரி, கார் என்று எது வந்தாலும் கிழிந்த ரெக்ஸினை உரித்து, ஸ்பிரிங்கைத் தட்டி நிமிர்த்தி, புதுத்துணி போட்டு அனுப்புவாள். மிஷினில் உட்கார்ந்தால் யாருக்கும் முழங்கை மடங்கித்தான் இருக்கும். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வந்தது காரில்.

அந்தக் கார் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே, சொந்தச் சம்பாத்தியத்தில், ஓடாத நிலையில் வாங்கி ஓட வைத்தாள். தனக்கு முன்னால் அவள் வாழ்க்கைக்குள் ஒரு கார் வந்துவிட்டதை அத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை என்பது என் கட்சி. பழைய காலத்து வண்டி. கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதை மேலே கீழே அசைத்துக் கியர் மாற்ற வேண்டும். முன்சீட்டும் பெஞ்சு மாதிரி ஒரே நீளம். அதற்கு அடர்சிவப்பு ரெக்ஸின் போட்டு அவளே தைத்திருந்தாள்.

என் பிரசவத்துக்குத் துணையாக அக்கா என் வீட்டில் வந்து தங்கியிருந்த சமயம் பார்த்து, அத்தான் அந்த வண்டியில் கை வைத்தார். ஸ்டியரிங் கியரைப் பிடுங்கி எறிந்து, தரையில் ஓட்டை போட்டு, ஃப்ளோர் கியர் வைத்தார். சிவப்பு பெஞ்சைத் தூக்கிவிட்டுத் தனித்தனியாக இரண்டு சீட் போட்டார். அக்கா திரும்பி வந்ததும், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி வாசலில் நின்றார்.

"எப்படி? இனிமே யார் வேணும்னாலும் ஓட்டலாம்."

அக்கா தரையைக் குனிந்து பார்த்தாள். "யார் வேணும்னாலும் ஓட்டணும்னு நான் கேட்டேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பிறகு வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டினாள். வண்டியின் பேப்பரும் எப்போதோ அத்தான் பெயருக்கு மாறியிருந்தது. "எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லி மாற்றினார். ஒன்றுதான் என்றால் எதற்கு மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

கை மடங்கிய பிறகு தரையில் இருக்கும் கியர் அவளுக்கு எட்டவில்லை. முதுகை வளைத்துச் சாய்ந்து தொட்டால் கண் ரோட்டை விட்டுப் போய்விடும். அத்தான் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அதான் நான் இருக்கேன்ல? எங்க போகணும்னு சொல்லு, கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டு போன லட்சணத்தை நான் பார்த்தேன். ரெக்ஸின் மொத்தக் கடை வாசலில் மூட்டையோடு அக்கா நிற்பாள், நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள். அத்தான் தன் மின்சாரச் சாமான் கடையைப் பூட்டிவிட்டு ஆடி அசைந்து வந்து சேருவார். வந்ததும், "இதுக்குப் போய் இன்னிக்கே வரணுமா?" என்பார். என் வீட்டுக்கு வர வேண்டும் என்றாலும் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். தங்கச்சியைப் பார்க்க ஒரு காரணமா? ஊரில் எந்த டிரைவரின் முதுகுவலிக்கும் சீட் தைத்துக் கொடுத்தவளை வீட்டில் பார்சல் ஆக்கிவிட்டார்கள்.

ஒருநாள் நிற்கும் வண்டியில் அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இடது கையை எடுத்துக் காற்றில் மேலே கீழே அசைத்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பழைய கியர் இருந்தா இந்தக் கை போதும்டி," என்றாள். "அளந்து வச்ச மாதிரி இருக்கு."

அன்று மாலையே அத்தானிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "அந்தச் சாமானெல்லாம் இப்ப எவன்கிட்ட இருக்கு? ஆசைப்பட்டா ஆட்டோ கியர் வண்டி ஒண்ணு வாங்கிக்கலாம்."

"வாங்கலாம். அதோட சாவியும் உங்க பையிலதான் இருக்கும்."

"பிடிவாதம் பிடிக்காதே."

"பிடிப்பேன்."

கடைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை எல்லோரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா வண்டியைக் கயிறு கட்டி அவன் பட்டறைக்கு இழுத்துப் போனாள். தரையில் இருந்த ஓட்டைக்கு அளவாகத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தான். கியர்பாக்ஸின் மேல்மூடியைக் கழற்றிவிட்டுப் பழைய மாதிரி பக்கவாட்டில் கம்பி போகிற மூடியைத் தேடிப் பிடித்துப் போட்டான். கம்பியைத் தாங்கும் தேய்ந்த புஷ் வளையங்களுக்குப் பதிலாக லேத்தில் புதிது கடைந்து வாங்கினான். கியர் கம்பி எங்கே என்று தேடினால், அது அத்தானின் ஷெட்டில் பெயின்ட் கலக்கும் குச்சியாக உழைத்துக்கொண்டிருந்தது! கலர் கலராகப் படிந்திருந்ததைச் சுரண்டிச் சுரண்டி, அதன் குமிழைத் துணியால் தேய்த்துத் தேய்த்து, முலாம் பூச அனுப்பினாள் அக்கா. சிவப்பு பெஞ்சு அவள் கடை மூலையிலேயே இருந்தது. அதன் தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். ஸ்டியரிங் கம்பத்துக்குள், கியர் கம்பியின் அசைவைக் கீழே கொண்டுபோகும் குழாய். வேறு வண்டியின் குழாயை வெட்டி ஒட்டுகிறேன் என்றான் ஸ்பேனர். "ஒட்டுப்போட்ட சாமான் வேண்டாம். அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷம். இல்லேன்னா வேலையை நிறுத்து," என்றாள். அவன் பழைய இரும்புக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் ஒன்று கொண்டுவந்தான். அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷம். இரண்டு பேரும் முத்திரையைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். மாட்டினார்கள்.

பட்டறைச் சந்தில் முதல் ஓட்டம். ஸ்பேனர் செய்துகொடுத்த மாற்றுச் சாவியில் வண்டியைக் கிளப்பி, முதல் கியருக்குக் கம்பியைக் கீழே இழுத்துக் கிளட்சை விட்டாள் அக்கா. வண்டி பின்னால் பாய்ந்து கழிவெண்ணெய் டிரம்மைச் சாய்த்தது. நான் ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

ஸ்பேனர் தலையில் கை வைத்தான். அந்தக் குழாய் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இருக்கிற வண்டியின் குழாய். ரோட்டில் நமக்கு எதிர்ப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கென்று செய்தது. ஒரிஜினல் முத்திரையைப் பார்த்த மயக்கத்தில் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. அங்கே கம்பி வலப்பக்கம் இருக்கும். இங்கே இடப்பக்கம் மாட்டியதால் எல்லாம் தலைகீழ். மேலே போக வேண்டியது கீழே, கீழே போக வேண்டியது மேலே.

"மன்னிச்சிடுங்கக்கா. கழட்டிடறேன். வேற குழாய் தேடுவோம்."

அக்கா இறங்கவில்லை. கம்பியை மேலே தள்ளினாள். வண்டி முன்னால் போனது. சந்துக்கோடி வரை போய் வளைந்து வந்தாள். மறுபடியும் போனாள். கியர் மாறும்போது முழங்கை அப்படியே நின்றது, மணிக்கட்டு மட்டும் வேலை செய்தது. பட்டறை வாசலில் வந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்?

"கழட்டாதே," என்றாள்.

"ஒரிஜினல் வேணும்னு என் உயிரை வாங்கினீங்களேக்கா?"

"இது ஒரிஜினல்தானே? தலைகீழா இருந்தா என்ன, நான் கத்துக்கறேன்."

வண்டி வீட்டுக்கு வந்ததும் அத்தான் சுற்றிச் சுற்றி வந்தார். முலாம் பூசின கம்பியையும் சிவப்பு பெஞ்சையும் பார்த்து அவர் கண் விரிந்தது. பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை, பழைய கார் சேர்க்கிற ஆள் ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். தொப்பி போட்டுக்கொண்டு வந்தவர் வண்டியைத் தட்டிப் பார்த்து, "அப்படியே இருக்கே!" என்று உருகினார்.

"இதை விக்கறதா இல்லை," என்றாள் அக்கா.

"பாத்துட்டுப் போகட்டுமே. பாத்தா தேஞ்சா போயிடும்?" என்ற அத்தான், வந்தவர் பக்கம் திரும்பி, "பேப்பரெல்லாம் என் பேர்லதான். இன்னிக்கே முடிச்சிடலாம்," என்றார்.

தொப்பிக்காரர் ஓட்டிக் காட்டச் சொன்னார். அத்தான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அக்கா பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். தொப்பிக்காரரும் நானும் பின்னால். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் வண்டியை விற்றுவிட்டால் அக்கா சாகும்வரை வாசலில் மூட்டையோடு நிற்க வேண்டியதுதான்.

அத்தான் கம்பியை ஜம்மென்று கீழே இழுத்தார். வண்டி பின்னால் போய் அவர் ஆசையாக வளர்த்த பூந்தொட்டிகளை நொறுக்கியது. "சும்மா, பழக்கம் விட்டுப்போச்சு," என்று மறுபடி இழுத்தார். இன்னொரு தொட்டி போயிற்று. எப்படியோ மேலே தள்ளி வாசலைத் தாண்டினார். இரண்டாவது என்று நினைத்து மூன்றாவதைப் போட, வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுத் தெரு நடுவில் நின்றுபோனது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"இதுல ஏதோ கோளாறு இருக்குங்க. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க," என்று தொப்பிக்காரர் இறங்கினார்.

"சரி பண்ண மாட்டோம்," என்றாள் அக்கா. "இது இப்படித்தான் ஓடும். கூப்பிடவும் மாட்டோம்."

இறங்கிச் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். "தள்ளி உக்காருங்க."

"தெருவுல நின்னுக்கிட்டு..."

"தள்ளுங்கன்னா."

குறுக்கே கியரும் இல்லை, தனிச் சீட்டும் இல்லை. அத்தான் பெஞ்சிலேயே நகர்ந்து மறுகோடிக்குப் போனார். அக்கா ஏறினாள். மடங்கிய கை கம்பியைப் பிடித்து மேலே தள்ளியது. வண்டி அலுங்காமல் முன்னால் போனது. ஹாரன் அடித்தவர்கள் பின்தங்கினார்கள்.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "தலைகீழா இருக்குன்னு எனக்கு ஏன் சொல்லல?"

"யாரோ ஓட்டறதுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?"

"நான் யாரோவா?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பேப்பரை நாளைக்கு என் பேருக்கு மாத்திக் குடுங்க. அப்புறம் உக்காந்து பேசலாம்."

அத்தான் பழக்கத்தில் சட்டைப்பையைத் தடவினார், சாவி வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. தெரு முடிந்து பெரிய ரோடு வந்தது.

"இந்தத் திருப்பத்துல திரும்பினா வீட்டுக்குப் போயிடலாம்," என்றார், இந்த முறை மெதுவாக.

அக்கா கியரை மாற்றி நேராகப் போனாள்.