அளவு காட்டும் மனிதர்

நேற்று மகள் என்னை ஓர் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடிக்குள் ஒரு செப்புத்தகட்டு அச்சுப்படம். இடிந்த தூண்கள், அவற்றின் அடியில் கைத்தடியோடு விரலளவு மனிதர். ஆளை எனக்குத் தெரியும். உடனே மூக்கில் ஈரமண் மணத்தது.

ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓவியக்கூடங்களையும் தோண்டியெடுத்த பழைய கட்டடங்களையும் ஊரூராகப் போய்ப் பதிந்தவர், அந்தப் படத்தைச் செதுக்கிய அச்சோவியர். அவருடைய அச்சுப்படத் தொகுதி ஒன்று, வட்டுக்கோட்டைப் பக்கம் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருந்தது. நூலகர் செல்வரத்தினம் அண்ணை கை கழுவித் துடைத்த பிறகுதான் அதைத் திறப்பார். ஒருநாள் இதே படத்தின் விரலளவு மனிதரைக் காட்டிக் கேட்டார்.

"உவர் ஆர் எண்டு தெரியுமோ மாஸ்டர்? அளவு காட்டுற ஆள். உவர் நிண்டாத்தான் தூணின்ரை உயரம் விளங்கும்."

"எங்கடை பங்கருக்குப் பக்கத்திலையும் ஒராளை நிப்பாட்டிப் படம் கீறலாம்" என்றேன். குண்டுக்குப் பயந்து வளவுக்கு வளவு பதுங்குகுழி வெட்டியிருந்த காலம்.

"நீரே நில்லும். வடிவான ஆள்தானே!"

சிரித்து முடிக்குமுன் வானத்தில் பொம்பர் விமானம் இரைந்தது.

தொண்ணூற்றைந்து மாரியில், ராணுவம் நெருங்க, ஊரோடு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்தது. அண்ணை தன் தாயைச் சைக்கிளில் இருத்தித் தள்ள வேண்டும். தொகுதியை என்னிடம் தந்தார்.

"நீர் தனி ஆள். கவனமாக் கொண்டு வாரும்."

"ஓம்" என்றேன்.

என் சைக்கிள் கரியரில் ஒன்றுக்குத்தான் இடம். சான்றிதழ்ப் பெட்டியைக் கட்டினேன். யாழ்ப்பாணத்தான் வேறெதைக் கட்டுவான்? இரண்டு நாளில் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தொகுதியைச் சாக்கில் சுற்றி என் வீட்டு வளவுப் பங்கருக்குள் வைத்தேன். அடிமண் அப்போதே கசிந்துகொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்தும் வைத்தேன்.

சாவகச்சேரியில், அகதிகள் நிறைந்த ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அண்ணை தொகுதியைக் கேட்டார்.

"பங்கருக்குள்ளை பத்திரமா இருக்கு" என்றேன்.

அவர் மழையைப் பார்த்தார். "தண்ணி ஊறுமெல்லே?"

நான் சான்றிதழ்ப் பெட்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன்.

"அம்மாவை ஒருக்காப் பாத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டு வாறன்."

நான் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டு வாசல் படலைப் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்தேன். வந்துகொண்டிருந்த சனத்துக்கு எதிராகச் சைக்கிளை உருட்டிப் போனார். திரும்பவில்லை. அந்தத் தாய் கண் மூடும்வரை என்னைத்தான் கேட்டார்: "தம்பி, அவன் எங்கை நிக்கிறான்?"

பல வருடம் கழித்து ஊருக்குப் போனேன். வீடும் இல்லை, படலையும் இல்லை. சான்றிதழ்கள் மட்டும் நான் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் என் மேசைக்குள் பத்திரமாக இருக்கின்றன. இங்கே அவற்றை ஒருவரும் கேட்டதில்லை. பங்கர் தூர்ந்து புல் மூடி, வளவோடு வளவாகக் கிடந்தது. அது எவ்வளவு ஆழம் என்று காட்ட அங்கே ஒருவரும் நிற்கவில்லை.