லீவில் இருந்தவருக்கு வந்த இட்லி ஆர்டர்

பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல் என்று அடுக்கி, கடைசியில் எதை எங்கே வைத்தோம் என்று நாமே தேடுகிற பிழைப்பு நம்முடையது. இதில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

லிஸ்டுக்குள்ள லிஸ்ட்

செம்பூரில் ஒரு சின்ன கம்பெனி. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லி என்னைச் சேர்த்தார்கள். முதல் வேலை, தாராவி செல்வி அக்காவின் இட்லி சப்ளைக்கு ஒரு ஆப். ஆறு சைக்கிள்காரர்கள், ஆளுக்கொரு பட்டியல்: எந்த ஆபீஸ், எத்தனை இட்லி.

எந்த விவரம் எந்த வடிவத்தில் போகவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் படிவத்துக்கு ஸ்கீமா என்று பேர். அதில் பட்டியலுக்குள் பட்டியல் என்று எழுதினேன். கம்ப்யூட்டர் சிவப்பாகத் திட்டியது. மாற்றி எழுதினேன், மறுபடியும் திட்டியது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டீம் லீட் வித்யா மேடம், மாட்டுங்காக்காரர், எட்டிப் பார்த்துச் சொன்னார்: "லிஸ்டுக்குள்ள நேரா லிஸ்ட் வைக்கப்படாதுடா. உள்ள இருக்கறதை ஒரு மெசேஜ்ல, அதாவது ஒரு பெட்டில போட்டு, அதுக்கு ஒரு பேர் வை. என்ன பேர்னு என்னைக் கேக்காதே!"

நான் செய்த கெட்டிக்காரத்தனம்

பேர் ஒன்றும் தோன்றவில்லை. சரி, பெட்டியே வேண்டாம் என்று எல்லா ஆபீஸ்களையும் ஒரே நீளப் பட்டியலாகக் கொட்டிவிட்டு, ஆளுக்கு எத்தனை இடம் என்று பக்கத்தில் எண்ணிக்கை எழுதினேன். பூஜ்யம் வந்தால் பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதைத் தூக்கியும் விட்டேன். என்ன மூளை பாருங்கள்!

ஆறு பேரில் இரண்டாவது ஆள் பால்ராஜ், தங்கச்சி கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவில் திருநெல்வேலி போனார். அவருடைய பூஜ்யம் காணாமல் போக, பின்னால் இருந்த எல்லாரும் ஓரிடம் முன்னால் நகர்ந்தார்கள். மூன்றாவது ஆளின் பட்டியல் பால்ராஜுக்கு, நாலாவது ஆளுடையது மூன்றாவது ஆளுக்கு. காலையிலேயே பால்ராஜிடமிருந்து எனக்குப் போன். பின்னால் நாதஸ்வரம்.

"அண்ணே, சயானுக்கு நாப்பது இட்லி கொண்டு போன்னு வருது. இங்கேருந்து எத்தனை மணிக்குப் புறப்படணும்?"

கவுத்து வெச்ச கூடை

தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் ஆபீஸில் இட்லி வராமல் எல்லாரும் பட்டினி. இன்னொரு நாள் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றுவிட்டார்கள். செல்வி அக்கா என்னை நேரில் வரச் சொன்னார். "நாளைக்கும் தப்பா போச்சுன்னா ஒங்க ஆப்பும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்றார். ஆப் போனால் என் வேலையும் போகும்.

தலை குனிந்தபோதுதான் பார்த்தேன். சுவரோரம் வரிசையாக ஆறு கூடைகள், மேலே சாக்பீஸில் பேர். பால்ராஜ் கூடை மட்டும் காலியாகக் கவிழ்ந்து, தன் இடத்திலேயே இருந்தது. ஆள்தான் இல்லையே, அதை எடுத்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எடுத்தா அடுத்தவன் கூடை அங்க நகந்துரும்லா? ஆளு லீவுல போனா கூடையுமா லீவுல போவும்? படிச்ச புள்ளதானல நீ?"

பால்ராஜின் சந்தேகம்

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். உள்ளே இருந்த பட்டியலுக்குப் பேர் கிடைத்துவிட்டது: கூடை. ஆளுக்கொரு கூடை, கூடைக்குள் அவரவர் பட்டியல். பால்ராஜுக்கும் ஒன்று, காலியாக. மறுநாள் சயானுக்கு நாற்பது இட்லி சுடச்சுடப் போய்ச் சேர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பால்ராஜ் போன்.

"அண்ணே, நேத்து சயான் வந்துச்சு, இன்னைக்கு ஒண்ணுமே இல்லன்னு வருது. லீவு போட்டதுக்கு அக்கா என்னை நிப்பாட்டிட்டாங்களா?"

வேலை நிலைக்குமா போகுமா என்கிற பயம் எனக்குத் தெரியாதா? உங்க கூடை பேரோட அங்கேயேதான் இருக்கு, நான் பார்த்தேன் என்றேன்.

"அப்ப சரிண்ணே. சாக்பீஸு லேசுல அழிஞ்சிரும், பாத்துக்கோங்க."

என் வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனாலும் காலிக் கூடைக்கும் இல்லாத கூடைக்கும் என்ன வித்தியாசம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், இன்றைக்கும் நாலு வாக்கியத்துக்குள் நானே குழம்பிப்போய் செல்வி அக்காவின் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.