போலந்துக்கு மட்டும் ஒரு விலை

மத்தி கிலோ இருநூற்று நாற்பது என்று மீன்காரர் ராஜப்பன் சொன்னால் இசக்கிசெல்வி பேரம் பேசுவதில்லை. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, "பத்து ஸ்லோட்டி" என்கிறாள். பிறகு, "பரவால்ல சேட்டா, அரைக்கிலோ போடு." ஸ்லோட்டி என்பது போலந்து நாட்டுக் காசு. மட்டாஞ்சேரியில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது, செல்வி பார்த்ததில்லை. ஆட்டோ கூலி, கரண்ட் பில், கொசுவத்தி எல்லாவற்றையும் அந்தக் காசில்தான் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். ராஜப்பன் இப்போதெல்லாம் அவள் தலையைக் கண்டதும் முந்திக்கொண்டு, "இன்னு எட்டே உள்ளூ", இன்றைக்கு எட்டுதான், என்று கேலி செய்கிறார்.

செல்விக்கு வயது நாற்பத்திரண்டு. பஜார் ரோட்டில் ஷாஜியின் மசாலாக் கடையில் வேலை. காலையில் மிளகும் ஏலக்காயும் நிறுத்துக் கட்டுவாள். பதினொரு மணிக்குக் கையைக் கழுவி, நாலு தும்மல் தும்மிவிட்டுக் கணினி முன் உட்காருவாள். கடையில் பாதி வியாபாரம் இணையத்தில்தான். ஜப்பானிலிருந்து பார்த்தால் விலை யென்னில் தெரியும், துபாயிலிருந்து பார்த்தால் திர்ஹத்தில். கணினி தானே மாற்றிவிடும், ஆனால் முப்பத்தேழு புள்ளி எட்டு மூன்று என்று அரையும் குறையுமாக நிற்கும். அதை முழுசாக முப்பத்தெட்டு ஆக்குவது செல்வியின் பொறுப்பு. "சொந்தக் காசுல கண்டாத்தான் சாரே, ஆளுக்கு ஒரு விசுவாசம் வரும்" என்று எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள். அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் என் அலுவலகம். சாயா குடிக்க இறங்கி வரும்போது இப்படி மாட்டிக்கொள்வேன்.

கடையை எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள், எந்தப் பொருளைப் பார்க்கிறார்கள் என்றும் அந்தக் கணினி காட்டும். பேரைக் காட்டாது. ஞாயிறுதோறும் போலந்தில் போஸ்னான் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்து, மீன்கறிக்குப் போடும் குடம்புளியை மட்டும் பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விடுவார். அது தன் தங்கை கற்பகம்தான் என்று செல்வி முடிவு கட்டியிருந்தாள். கற்பகம் அதே ஊரில் காளான் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை செய்கிறாள். "வேற ஆரு பாக்கப்போறா? அந்த ஊர்க்காரனுக்குக் குடம்புளி என்னத்துக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

இரண்டு வருடம் முன்பு அவர்களுடைய அம்மா மாயம்மாள் இறந்தபோது கற்பகத்துக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, இப்போது டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "எல்லாம் கழிஞ்சு. இனி நீ வரண்டாம்" என்று சொல்லிச் செல்வி போனை வைத்துவிட்டாள். ஆத்திரத்தில் வாயில் வந்த சொல். தங்கை அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வரவுமில்லை, அதற்குப் பிறகு கூப்பிடவுமில்லை.

நீயே கூப்பிட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"மூத்தவ நான், எப்படி சாரே முதல்ல விளிக்கிறது?" என்றாள். பிறகு, "அவ எடுக்கலேன்னா?" என்றாள். மீன் விலையை ஏன் ஸ்லோட்டியில் சொல்கிறாள் என்பதையும் அன்றுதான் சொன்னாள். "அவளும் கடைக்குப் போனா இந்தக் கணக்குதானே பாப்பா. நானும் கூடவே போற மாதிரி இருக்கும்." சாயா ஆறிவிட்டது என்று சொல்லி மாடிக்கு ஏறிவிட்டேன்.

கடைக் கணினியில் ஒரு நாட்டுக்கு மட்டும் ஒரு பொருளின் விலையைக் கையால் வைக்கலாம்; வேறு நாட்டில் யாருக்கும் அது தெரியாது. செல்வி இதைப் பிடித்துக்கொண்டாள். போலந்தில் முப்பத்தெட்டு ஸ்லோட்டி இருந்த குடம்புளியை முப்பது ஆக்கினாள். ஞாயிறன்று ஆள் வந்தது, பார்த்தது, போய்விட்டது. அடுத்த வாரம் இருபது. அதற்கடுத்து பன்னிரண்டு. விலையை வைப்பது அக்காதான் என்று கற்பகத்துக்குத் தெரியும், இறங்க இறங்க அவளுக்குப் புரியும் என்று நம்பினாள். கடைசியில் ஒரு ஸ்லோட்டிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். "இதுக்கு மேல எப்படி சாரே வான்னு சொல்றது?" என்றாள். எனக்குத் தெரிந்த வழியைத்தான் முன்பே சொல்லிவிட்டேனே.

ஷாஜி கண்டுபிடித்துவிட்டார். அவர் சத்தம் போடத் தெரியாத முதலாளி. "செல்வி, இது கச்சவடமா, தருமமா? ரெண்டு வருஷமா போலந்துலேருந்து ஒரு ஆர்டர் இல்ல. அந்த ஸ்லோட்டியை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டு குவைத் தினார் போடு" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாசம் கழியட்டே" என்று சேர்த்துக்கொண்டார். அந்த மாதம் முழுவதும் செல்வி போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. கழிப்பறைக்கும் எடுத்துப் போனாள்.

மாதக் கடைசித் திங்களன்று நான் இறங்கி வந்தபோது இருவரும் கணினி முன் நின்றிருந்தார்கள். போஸ்னானிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. ஒரு பாக்கெட் குடம்புளி. பேர் மார்த்தா. அதற்கு அடுத்த பேரை எங்கள் மூவருக்கும் வாசிக்க வரவில்லை. கூடவே ஒரு குறிப்பு. ஷாஜிதான் வாசித்துச் சொன்னார். போர்ட் கொச்சியில் ஒரு வாரம் தங்கியிருந்தாராம். அங்கே தின்ற மீன்கறியை மறக்க முடியவில்லையாம். விலை வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்ததால் பொறுத்திருந்து வாங்குகிறாராம்.

"அப்போ எல்லா ஞாயிறும் வந்தது?" என்றாள் செல்வி.

"இவங்களாக்கும்" என்றார் ஷாஜி.

அவள் அழவில்லை. குடம்புளியை நிறுத்தாள், மேலே ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டாள், டேப் ஒட்டினாள், முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகு போனில் கற்பகத்தின் நம்பரை எடுத்தாள். "அங்க இப்ப எட்டு மணி. ஷிப்டு மாறியிருக்குமோ என்னமோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் நாற்காலியிலிருந்து எழுந்தாள். கையை ஷாலில் துடைத்து, முன்முடியை ஒதுக்கி, கடை வாசலைப் பார்த்து நின்றாள்.