போர்க்கப்பலும் ஒரு தட்டு வடையும்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மெல்பேர்னில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் இழுவைப் படகொன்றில் என்ஜின் பார்த்தார். பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்துத் துறையில் கொண்டுவந்து சேர்க்கும் சின்னப் படகு அது. கொழும்பில் படித்த படிப்புக்குக் குறைந்த வேலைதான். ஆனாலும் அதை நம்பித்தான் குடும்பம் ஓடியது.

ஒருநாள் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வரப்போவதாக வானொலியில் சொன்னார்கள். அதில் அணுகுண்டு இருக்கிறதா என்று கேட்டால், உண்டு என்றும் சொல்லமாட்டார்களாம், இல்லை என்றும் சொல்லமாட்டார்களாம். இந்த நாட்டு அரசாங்கமும் துருவிக் கேட்காதாம். பெண் கேட்டு வருகிறவனையே ஏழு தலைமுறைக்கு விசாரிக்கிற சனம் நாங்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கப்பல் திரும்பிப் போகட்டும், நாங்கள் தொடமாட்டோம் என்று துறைமுகத் தொழிலாளர் சங்கம் முடிவெடுத்தது.

"நீங்களும் போகமாட்டியளோ?" என்று கணவரைக் கேட்டேன்.

"போகமாட்டன். முந்திக் கப்பலில போன காலத்தில ஜப்பானில ஒரு மனுசியைக் கண்டனான். துறைமுகத்தடியில தோடம்பழம் விக்கிறவ. கழுத்தில இருந்து கை வரைக்கும் அணுகுண்டில வெந்த தோல். குண்டைக் கொண்டு வாறவன் அவனே திருப்பிக் கொண்டு போகட்டும். அதை என்ர கையால இழுக்கமாட்டன்."

தெரிந்த தமிழ்க் குடும்பங்களோ, "வந்த இடத்தில வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும்" என்று புத்தி சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. பயமும் இருந்தது.

கப்பல் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் படகுக் கம்பெனியின் மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வந்தவரை உள்ளே கூப்பிடாமல் விட எங்களுக்குத் தெரியாது. கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் சுடச்சுட வடையும் வைத்தேன். மனுசன் வடையை மென்றபடியே பேசினார்.

"மற்றவர்கள் இங்கே பிறந்தவர்கள். நீ வந்தவன். நாளைக்கு வந்து என்ஜினைப் போடு, உன் வேலைக்கு நான் பொறுப்பு."

சாப்பிடுகிறவரின் முகத்துக்கு நேரே முறித்துப் பேசுவது எங்கள் பழக்கத்தில் இல்லை. சாப்பிட்டு முடியட்டும், வாசலில் வைத்துச் சொல்லலாம் என்றுதான் கணவர் பேசாமல் இருந்தார். ஆனால் மேலாளர் கடைசி வடையை வாய்க்குள் போட்டபடி எழுந்து, "நல்லது" என்று அவருடைய தோளில் தட்டிவிட்டு விறுவிறென்று காரில் ஏறிப் போய்விட்டார். மௌனம் சம்மதம் என்பதை அந்த வெள்ளைக்காரர் எங்கே படித்தாரோ தெரியவில்லை.

மேலாளர் சொல்லி, விடிவதற்குள் துறை முழுக்கக் கதை பரவிவிட்டது: இலங்கைக்காரன் வேலைக்கு வருகிறான். கணவர் மறியல் செய்கிறவர்களோடு நிற்கத்தான் போனார். நானும் கூடப் போனேன். துறைமுக வாயிலில் நின்றவர்கள் எங்களைக் கண்டதும் முதுகைக் காட்டினார்கள். இவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டியும் சம்பலும் பிடுங்கித் தின்ற கூட்டாளி ஒருவன், "மேலாளருக்கு விருந்து வைத்தாயாமே" என்று காலடியில் துப்பினான். கணவர் விளங்கப்படுத்தப் பார்த்தார். சாப்பிடுகிறவரிடம் மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்றால் அங்கே எவன் நம்புவான்? மழை தொடங்கியது. நாங்கள் இருவரும் தள்ளித் தனியாக நின்றோம். போர்க்கப்பல் ஒருவரும் இழுக்காமல் தானாகவே மெல்ல வந்து கரை சேர்ந்தது. மேல்தட்டில் நின்ற பொடியன்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அது போனபிறகு மற்ற எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். என் கணவரை மட்டும், வாக்குத் தவறியவன் என்று கம்பெனி நிறுத்தியது. சங்கத்தில் அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள், அடுப்படியில் வந்து இருந்தார்.

"கப்பலைத் திருப்பி அனுப்பவேணும் எண்டு நிண்டனான்," என்றார். "என்னை அனுப்பிப்போட்டாங்கள்."

அடுத்த போர்க்கப்பல் வந்தபோது அவர் ஒரு தொழிற்சாலையில் நிலம் கூட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதுகைக் காட்டியவர்கள்தான் அதை இழுத்து வந்தார்கள்.