ஆறுமணிக்குருவி வந்த மாலை

பங்குனி மாலை. செங்கல்பட்டுப் பூங்காவில் பறவை பார்க்க நின்றிருந்தேன். புதருக்குள்ளிருந்து ஆறுமணிக்குருவி சீழ்க்கையடித்தது. வடக்கே திரும்பப் புறப்படும் குருவி. அந்தக் குரல் என்னை எங்கள் பழைய வாடகை வீட்டில் கொண்டுபோய் விட்டது.

அப்போது அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டு, பல நாட்களாகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான்தான் தூது. ஒரு மாலை இந்தக் குருவி பச்சையும் நீலமுமாக ஜன்னல் வழியே நுழைந்து, சுற்றும் ஃபேனை நோக்கிப் பறந்தது.

“யோவ், ஃபேன நிறுத்துய்யா!” என்று அம்மா அலறினாள்.

அப்பா பாய்ந்து நிறுத்தினார். குருவி பரண்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அது மிரளக்கூடாதென்று விளக்குப் போடாமல் மூவரும் தரையில் உட்கார்ந்தோம்.

“எங்கேர்ந்து வந்துச்சோ,” என்றார் அப்பா.

“பாவம், இன்னும் ரொம்ப தூரம் போவணும் போலக் கீது,” என்றாள் அம்மா.

குருவி எப்போது போனதென்று தெரியாது. இருட்டில் அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபடியே நான் தூங்கிப்போனேன்.